தமுக்கு இல்லாத தண்டோரா

என் இளமையில் எங்கள் சாக்கோட்டையில் ஒரு செய்தியை ஊரறியச் செய்ய வேண்டுமானால் தண்டோராப் போடுவார்கள். தமுக்கின் ஒலி கேட்டவுடனே, இவர் பிறர் சொல்லச் சொன்னதைச் சொல்கின்றார் என்பதும், சொல்லச் சொன்னவர் யார் என்பதும் சிறுவருக்கும் விளங்கிவிடும். கூலி பெற்றுப் பிறர் செய்தியைப் பரப்புவதில் இழிவு ஒன்றும் இல்லை. தமுக்கை ஒளித்துவிட்டுப் பேசினால்தான் வழக்கு வருகின்றது.

மக்கள் தொடர்பு என்பது இன்று ஒரு பெருந்தொழில். 1953இல் ஹெரால்டு பர்சனும் வில்லியம் மார்ஸ்டெல்லரும் அமெரிக்காவில் தொடங்கிய பர்சன்-மார்ஸ்டெல்லர் நிறுவனம், முப்பதே ஆண்டுகளில் இத்துறையில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிற்று.

1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்னும் வலிநீக்கி மாத்திரைக் குப்பிகளில் எவனோ சயனைடு கலந்துவிட, ஏழு பேர் மாண்டனர். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது, நிகழ்ந்ததை ஒளிக்கவில்லை. அதற்குத் துணை நின்றவர் பர்சன் நிறுவனத்தார். இத்தொழில் நேர்மையோடும் நடக்கக்கூடும் என்பதற்கு இதை இன்றும் எடுத்துக்காட்டுவர்.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் கலத்திலிருந்து ஏறத்தாழ 40 டன் நச்சுவாயு வெளியேறியது. கலத்தைக் குளிர்விக்கும் பொறி நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும் அன்று வேலை செய்யும் நிலையில் இல்லை. உறக்கத்தில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதன்பின் கார்பைடு நிறுவனம் அமர்த்திக்கொண்ட மக்கள் தொடர்பாளர் யார்? அதே பர்சன்-மார்ஸ்டெல்லர்தான். மனக்குறை கொண்ட தொழிலாளி ஒருவன் வேண்டுமென்றே கலத்துள் நீரைச் செலுத்தினான் என்பது கார்பைடு நாட்டிய வாதம். போபால் மக்கள் அதை ஏற்கவில்லை. 1989இல் 47 கோடி டாலரோடு வழக்குத் தீர்க்கப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் வழக்கறிஞர் உண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் பழி என்பது இத்துறையாரின் வாதம். எனக்கு அது முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. வழக்கறிஞர் கறுப்பு அங்கி அணிந்து, யாருக்காகப் பேசுகின்றோம் என்று சொல்லிவிட்டே பேசுகின்றார். எதிரே மற்றொருவர் மறுக்கக் காத்திருக்கின்றார். 1993இல் அமெரிக்காவில் புகைப்போர் கூட்டணி என்ற ஒன்று தோன்றியது. புகைப்போர் தாமே திரண்ட சங்கம்போல் அது காட்சியளித்தது. பணம் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட்டு நிறுவனத்தினுடையது, கட்டியெழுப்பியது பர்சன்-மார்ஸ்டெல்லர். இங்கே அங்கி எங்கே, எதிர் வழக்கறிஞர் எங்கே?

நிற்க. 2011 மே மாதத்தில் இந்நிறுவனத்தார் ஆராய்ச்சியாளர் ஒருவரை அணுகி, கூகிள் நிறுவனத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதுமாறும், எழுதுவதற்குத் தாமே உதவுவதாகவும் கூறினர். அவர், "யாருக்காக?" என்று கேட்டார். அவர்கள் சொல்ல மறுத்தார்கள். அவர் அந்தக் கடிதப் போக்குவரத்தை அப்படியே வெளியிட்டுவிட்டார். அமர்த்தியவர் பேஸ்புக் நிறுவனத்தார் என்பது சில நாள்களில் வெளியாயிற்று. அத்தகைய நிபந்தனையோடு வந்த வேலையை ஏற்றிருக்கவே கூடாது என்று பர்சன்-மார்ஸ்டெல்லர் அறிவித்தது.