அமெரிக்க வட்டார விமான நிறுவனங்களும் பெருநிறுவனச் சார்பும்

வட்டார விமான நிறுவனங்கள் என்பவை பெரும்பாலும் 50 முதல் 76 இருக்கைகள் கொண்ட சிறிய விமானங்களால் சிறு நகரங்களைப் பெரிய விமான நிலையங்களுடன் இணைப்பவை. அமெரிக்காவில் இவற்றுள் பெரும்பாலானவை தம் சொந்தப் பெயரில் பறப்பதில்லை. விமானத்தின் மேல் 'யுனைடெட் எக்ஸ்பிரஸ்', 'டெல்டா கனெக்‌ஷன்', 'அமெரிக்கன் ஈகிள்' என்று எழுதியிருக்கும். பயணச்சீட்டை விற்றதும் அந்தப் பெருநிறுவனமே. ஆனால் விமானியும் பணிப்பெண்ணும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறொரு நிறுவனத்தின் ஊழியர்கள்.

பின்னணி

1978-இல் இயற்றப்பட்ட சட்டம், விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசு நிர்ணயிக்கும் முறையைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பெருநிறுவனங்கள் சிகாகோ, அட்லாண்டா, டாலஸ் போன்ற மைய நிலையங்களில் பயணிகளைத் திரட்டி, அங்கிருந்து பல திசைகளுக்கும் அனுப்பும் முறையை விரிவாக்கின. சிறு நகரத்துக்குப் பெரிய விமானம் அனுப்பினால் பாதி இருக்கை காலியாகப் போகும். எனவே அந்த வேலையைச் சிறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. 1990-களில் கனடாவின் பம்பார்டியர், பிரேசிலின் எம்பிராயர் ஆகியவை தயாரித்த 50 இருக்கை ஜெட் விமானங்கள் வந்தபின் இந்த ஏற்பாடு வேகமாகப் பரவியது.

ஒப்பந்தம் செயல்படும் விதம்

நம்மூர் கைத்தறியில் ஒரு முறை உண்டு. முதலாளி பாவும் ஊடையும் கொடுப்பார். நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். சேலை என்ன விலைக்கு விற்றது என்பது நெசவாளர் கணக்கில் வராது. 'இருக்கைத் திறன் கொள்முதல்' எனப்படும் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதுவே. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் என்பதையெல்லாம் பெருநிறுவனம் முடிவு செய்யும். வட்டார நிறுவனத்துக்கு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும், விமானம் நிலையத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த நிலையத்தில் நிற்கும் வரையிலான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பேசிய தொகை கிடைக்கும். எரிபொருள் செலவைப் பொதுவாகப் பெருநிறுவனமே ஏற்கும். விமானம் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் கூலி ஒன்றே.

கேட்க இது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் வாடிக்கையாளர் என்று இருப்பவர் ஒருவரோ இருவரோதான். ஒப்பந்தம் முடியும்போது அவர் கைவிட்டால், விமானங்களும் விமானிகளும் இருந்தும் பயணிகள் இல்லை. மக்களுக்கு அந்த நிறுவனத்தின் பெயரே தெரியாது. மறுபுறம், பயணச்சீட்டு வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்களும் உள்ளன. அவற்றில் நட்டத்தின் சுமை வட்டார நிறுவனத்தின் மேல் விழும்.

விமானத்தின் அளவிலும் கட்டுப்பாடு உண்டு. தங்கள் வேலை குறைந்த சம்பள நிறுவனங்களுக்குப் போய்விடும் என்று அஞ்சிய பெருநிறுவன விமானிகளின் சங்கங்கள், வட்டார விமானங்களுக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு (சுமார் 39,000 கிலோ) எடை என வரம்பு எழுதி வாங்கியுள்ளன. எம்பிராயரின் புதிய இ175-இ2 விமானம் எரிபொருளை மிச்சப்படுத்துவது. ஆனால் எடை வரம்பை மீறுவதால் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய முடியவில்லை. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் ஊதிய உடன்படிக்கை வழிவிடவில்லை.

தனித்துப் பறக்க முயன்றவை

யுனைடெட்டுக்காகப் பறந்துவந்த அட்லாண்டிக் கோஸ்ட் ஏர்லைன்ஸ், புதிய நிபந்தனைகளை ஏற்காமல் 2004-இல் 'இண்டிபெண்டன்ஸ் ஏர்' என்ற பெயரில் வாஷிங்டன் டல்லஸ் நிலையத்திலிருந்து தனியே பறக்கத் தொடங்கியது. 50 இருக்கை ஜெட்டில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு அதிகம். அதில் மலிவுக் கட்டணத்தில் பயணிகளை ஏற்றியது. யுனைடெட்டும் கட்டணத்தைக் குறைத்தது. 2006 சனவரியில் இண்டிபெண்டன்ஸ் ஏர் சேவையை நிறுத்தியது.

எக்ஸ்பிரஸ்ஜெட்டின் கதை இன்னும் நீண்டது. 2007-இல் சொந்தப் பெயரில் பறந்து, எரிபொருள் விலை ஏறிய 2008-இல் அதைக் கைவிட்டது. 2020-இல் கொரோனாவால் பயணிகள் குறைந்தபோது, யுனைடெட் தன் 50 இருக்கை எம்பிராயர் விமானங்களை இயக்கும் பணியை கம்யூட்ஏர் என்ற மற்றொரு நிறுவனத்திடம் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முடிவில் எக்ஸ்பிரஸ்ஜெட் பறப்பதை நிறுத்தியது. பெருநிறுவனத்துக்கே சொந்தமானால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது: டெல்டாவின் துணை நிறுவனமான கோமேர் 2012-இல் டெல்டாவாலேயே மூடப்பட்டது.

ஸ்கைவெஸ்ட் நிலைத்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அது யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா என நான்கு நிறுவனங்களுக்கும் பறப்பதே.

பாதுகாப்பும் பொறுப்பும்

2009 பிப்ரவரி 12 அன்று, காண்டினெண்டல் பெயரில் விற்ற சீட்டுகளுடன் நியூவர்க்கிலிருந்து புறப்பட்ட விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தனர். அதை இயக்கியது கோல்கன் ஏர். வேகம் குறைந்ததற்கான எச்சரிக்கைக்கு விமானி தவறாக எதிர்வினையாற்றியதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. விமானிகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. இறந்தோரின் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் பயனாக 2010-இல் சட்டம் வந்தது. உண்மையில் விமானத்தை இயக்குவது யார் என்பதைச் சீட்டு விற்கும் இணையதளம் முதலிலேயே காட்ட வேண்டும் என்றானது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 250 மணி நேரம் போதுமானதாக இருந்தது.

இந்த அனுபவம் பெற்ற விமானிகளைப் பெருநிறுவனங்கள் கூடுதல் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆக, கூலி கொடுப்பவரே ஆளையும் அழைத்துக்கொள்கிறார். 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், விமானிகள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, அரசு மானியத்துடன் சேவை பெற்றுவந்த 29 சிறு நகரங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மாற்று நிறுவனம் கிடைக்கும் வரை சேவையைத் தொடருமாறு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது.