ஸ்கூட்டி வாங்கப் போகிறீர்களா?

"எந்த ஸ்கூட்டி நல்லது, அக்கா?" குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கினாலும், புதிய வண்டி பலருக்கு எட்டாத விலைதான். எனவே பழையதைப் பார்த்து வாங்கும் விதத்தைச் சொல்கிறேன்.

ஸ்கூட்டி பெப் பிளஸ் சுமார் 88 சிசி. பாரம் குறைவு, புதிதாகப் பழகுவோருக்கு இலகு. ஹொண்டா டியோ சுமார் 110 சிசி. பிள்ளையும் பொதியுமாகத் தூரம் ஓடுவோருக்கு ஏற்றது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதத்தைக் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்களே லீசிங்கில் எடுப்பதானால் மொத்தக் கணக்கைக் கேளுங்கள். மாதம் 9,000 ரூபா வீதம் 36 மாதங்களுக்கு 324,000 ரூபா! தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும். உழைப்புக் குறைந்த மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கே சம்மதியுங்கள். விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் கையொப்பமிடாதீர்கள்.

காசு கட்டுவது நீங்கள் என்றால், பதிவும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.