இரண்டாவது கார்டுக்கு எத்தனை லேன் வேண்டும்?

மதர்போர்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிராசசருக்குக் கீழே நீளமாக இரண்டு ஸ்லாட்டுகள் இருக்கும். இரண்டும் ஒரே நீளம், 89 மில்லிமீட்டர். கிராபிக்ஸ் கார்டு இரண்டிலுமே கச்சிதமாக உட்காரும். இப்போது டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். மேல் ஸ்லாட்டில் தங்கநிறத் தகடுகள் கடைசிவரை வரிசையாக நிற்கும். கீழ் ஸ்லாட்டிலோ, பல போர்டுகளில் அவை பாதியில் அல்லது கால்வாசியில் நின்றுவிடும். மிச்ச நீளம் வெறும் பிளாஸ்டிக். இரண்டு கார்டு போட்டுக் கணினி கட்ட நினைக்கிறவர் விலைப்பட்டியலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தத் தகடுகளைத்தான்.

இந்த ஸ்லாட்டின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். 2003-ல் வந்தது. அதற்கு முன்பிருந்த பிசிஐ-யில் நொடிக்கு 133 எம்பி என்ற வேகத்தை எல்லாக் கார்டுகளும் பங்கு போட்டுக்கொண்டன. நடுவில் வந்த ஏஜிபி வேகமானது, ஆனால் போர்டுக்கு ஒரு ஸ்லாட்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித் தடம் கொடுத்தது. அந்தத் தடத்தைத்தான் லேன் என்கிறோம். ஒரு லேன் என்பது நான்கு கம்பிகள்: அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு. முதல் தலைமுறையில் ஒரு லேன் ஒரு திசையில் நொடிக்கு 250 எம்பி கடத்தியது. மூன்றாம் தலைமுறையில் அது 985 எம்பி ஆனது. நான்காவதில் ஏறக்குறைய 2 ஜிபி, ஐந்தாவதில் 4 ஜிபி. ஆகவே நான்காம் தலைமுறையின் 8 லேனும் மூன்றாம் தலைமுறையின் 16 லேனும் வேகத்தில் ஒன்றுதான். கார்டு, போர்டு இரண்டில் எது பழையதோ அந்தத் தலைமுறை வேகத்தில்தான் இணைப்பு ஓடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

லேன்கள் பிராசசரிலிருந்து வருகின்றன, அங்கே அவை எண்ணி வைத்த பண்டம். வீட்டுக் கணினிகளுக்கான இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் கிராபிக்ஸுக்கு என்று ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் 16 லேன். இரண்டு கார்டு போட்டால் அதை எட்டு எட்டாகப் பிரித்துத் தரும் போர்டுகள் உண்டு. விலை குறைந்த போர்டுகள் அப்படிப் பிரிப்பதில்லை. அவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட், பிராசசருக்கும் மற்ற சாதனங்களுக்கும் நடுவில் நிற்கும் சிப்செட்டில் தொங்கும், பெரும்பாலும் நான்கே லேனோடு. அந்தச் சிப்செட்டையே எஸ்எஸ்டி, யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் நம்பியிருக்கின்றன. 128 லேன் தரும் த்ரெட்ரிப்பர் ப்ரோ, எபிக் போன்ற பிராசசர்களும் இருக்கின்றன. அவற்றின் விலையில் ஒரு நல்ல கார்டே வாங்கிவிடலாம்.

சரி, லேன் குறைந்தால் வேலை எவ்வளவு கெடும்? கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உக்கிராண அறையில் சாமான்கள் இருக்கின்றன, அடுப்படியில் சமையற்காரர் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசல்தான் ஸ்லாட். காலையிலேயே அரிசி, பருப்பு, காய்கறியெல்லாம் அடுப்பருகே வந்துவிட்டால், பிறகு வாசல் அகலமா குறுகலா என்பது யாருக்கும் தெரியாது. கரண்டிக்குக் கரண்டி உக்கிராணத்துக்கு ஆள் ஓட வேண்டியிருந்தால்தான் வாசலில் நெரிசல் ஆகும்.

கார்டின் சொந்த நினைவகம்தான் அந்த அடுப்பருகே இருக்கும் இடம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டின் 24 ஜிபி நினைவகம் நொடிக்கு 936 ஜிபி வேகத்தில் தரவு தருகிறது. அதே கார்டின் 16 லேன் வாசல் முழுதாகத் திறந்தாலும் நொடிக்கு 31.5 ஜிபிதான். ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு! அதனால் நினைவகத்துக்குள் அடங்கும் வேலைக்கு லேன் பற்றிய கவலை குறைவு. அடங்காமல் வழியும்போதுதான் அடி விழுகிறது. 2022-ல் வந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல பாடம். 4 ஜிபி நினைவகம், நான்கே லேன். புதிய போர்டில் ஓரளவு சமாளித்தது. மூன்றாம் தலைமுறைப் போர்டில் வாசல் பாதியானதும், நினைவகத்தைத் தாண்டிக் கேட்ட கேம்களில் தடுமாறியது.

எதீரியத்தின் எதர் நாணயம் தோண்டியவர்கள் மறுகோடி. ஒரே லேன் கொண்ட ரைசர் கேபிள்களில் ஆறு, எட்டு கார்டுகளை மாட்டி ஓட்டினார்கள், தோண்டும் வேகம் குறையவில்லை. தேவையான தரவெல்லாம் ஒருமுறை கார்டுக்குள் போய்விட்டால், அதன்பின் வாசல் வழியே போவது சிறு துணுக்குகள்தான். 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டபோது அந்தக் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. பிளெண்டர் போன்ற மென்பொருளில் படம் ரெண்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வகை. காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் ஒரு பிரதி ஏறும், பிறகு அவரவர் அடுப்பு அவரவர்க்கு. ஆனால் இரண்டு 12 ஜிபி கார்டு போட்டதால் 24 ஜிபி காட்சி ஏறிவிடும் என்று எண்ணாதீர்கள், ஏறாது.

கேம் விளையாடுவோரின் கதை வேறு. 2004-ல் என்விடியா எஸ்எல்ஐ என்ற பெயரில் இரண்டு கார்டுகளை ஒரே கேமில் இணைத்தது. ஒரு பிரேமை ஒரு கார்டு, அடுத்ததை இன்னொன்று என மாறி மாறி வரைவது வழக்கமான முறை. நாளடைவில் கேம்கள் முந்தைய பிரேமின் தரவைக் கொண்டே அடுத்ததை வரையத் தொடங்கின. இரண்டு அடுப்புக்கும் ஒரே குழம்பு என்றாகிவிட்டது. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, கார்டுகளை இணைக்கும் பாலத்துக்கான இடமே அதில் இல்லை. கேமுக்காக இன்று இரண்டாவது கார்டு வாங்குவது வீண்.

இப்போது இரண்டு கார்டு தேடுபவர்களில் பலர் வீட்டிலேயே மொழி மாதிரிகளை ஓட்ட நினைப்பவர்கள். இங்கேதான் கணக்கு சுவையானது. லாமா 2 என்ற மொழி மாதிரியின் 70 பில்லியன் அளபுரு வடிவத்தில் 80 அடுக்குகள். முதல் 40 ஒரு கார்டில், மீதி 40 மற்றதில் என்று பிரித்தால், ஒவ்வொரு சொல்துண்டுக்கும் எல்லையைக் கடப்பது 8,192 எண்கள், அதாவது 16 கேபி. ஒரே ஒரு மூன்றாம் தலைமுறை லேன் இதைக் கடத்த நொடியில் 60,000-ல் ஒரு பங்கு போதும். லேனுக்கு வேலையே இல்லை.

ஆனால் இந்த முறையில் ஒரு கார்டு உழைக்கும்போது மற்றது சும்மா நிற்கும். இரண்டும் சேர்ந்து உழைக்க ஒவ்வொரு அடுக்கையும் இரண்டாக வெட்ட வேண்டும். அப்போது அடுக்குக்கு இருமுறை, மொத்தம் 160 முறை கார்டுகள் விடையைப் பரிமாற வேண்டும். 2,000 சொல்துண்டு கொண்ட ஒரு கேள்வியை வாசிக்கவே 5 ஜிபிக்கு மேல் போகும், வரும். மூன்றாம் தலைமுறையின் நான்கு லேனில் இதற்கு ஒரு நொடிக்கு மேல். நான்காம் தலைமுறையின் 16 லேனில் ஆறில் ஒரு நொடி. மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது இந்தப் போக்குவரத்து இன்னும் பெருகும். அதிக லேனுக்குச் செலவழிப்பது இங்கே நியாயம்.

என் அனுபவம் ஒன்று. இரண்டாவது எஸ்எஸ்டி மாட்டிய மறுநாள், 16 லேனில் ஓடிய என் கார்டு எட்டில் நிற்பதைக் கண்டேன். கார்டு பழுது என்று நினைத்து இரண்டு மாலைகள் கழற்றி மாட்டினேன். கையேட்டில் ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: அந்த எஸ்எஸ்டி இடமும் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் லேன்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

அதனால் வாங்கும் முன் போர்டின் கையேட்டைத் தரவிறக்கி அந்த அட்டவணையைப் படியுங்கள். மாட்டிய பின் ஜிபியு-இசட் மென்பொருளில் லேன் எண்ணிக்கையையும் தலைமுறையையும் பாருங்கள். கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பு தானாகவே முதல் தலைமுறை வேகத்துக்கு இறங்கி நிற்கும்.