122 வயது வரை வாழ்ந்த பாட்டி!

குழந்தைகளே! உங்கள் வீட்டில் உள்ள வயதான பாட்டியிடம், 'உங்களுக்கு என்ன வயது?' என்று கேட்டுப் பாருங்கள். 'எண்பதோ, எண்பத்தைந்தோ இருக்கும்' என்று சிரிப்பார். ஆனால், ஒரு பாட்டியின் வயதை நாள் கணக்கோடு சொல்லலாம். 122 ஆண்டுகள், 164 நாட்கள்!

அவர் பெயர் ழான் கால்மான். பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் உள்ள ஆர்ல் நகரில், 1875 பிப்ரவரி 21ல் பிறந்தார். பாரிசில் ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட 1889ல் அவர் 14 வயதுச் சிறுமி. 85 வயதில் வாள் சண்டை கற்றார். 100 வயது வரை சைக்கிள் ஓட்டினாராம்!

1965ல், 90 வயதான அவரோடு, பத்திரம் எழுதும் சட்ட அலுவலர் ஒருவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். பாட்டி உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும். அவருக்குப் பின் வீடு அலுவலருக்குச் சொந்தம். நடந்தது என்ன தெரியுமா? 30 ஆண்டுகள் பணம் கட்டிய அலுவலர், 1995ல் தம் 77வது வயதில் இறந்துவிட்டார். பாட்டியோ உயிரோடு இருந்தார்! அவர் காலமானது 1997 ஆகஸ்ட் 4ல்தான்.

பாட்டி சோகங்களையும் கண்டவர். ஒரே மகள் 1934லும், கணவர் 1942லும், பேரன் 1963லும் இறந்தனர்.

2018ல் ரஷ்ய ஆய்வாளர்கள் ஒரு சந்தேகம் கிளப்பினர். '1934ல் இறந்தது தாய்தான். மகளே தாயின் பெயரில் வாழ்ந்திருக்கிறார்' என்றனர். இதை எப்படித் தீர்ப்பது?

பிரான்சில் 1792 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் உண்டு. பாட்டி உயிரோடு இருந்தபோதே ஆய்வாளர்கள் அவரிடம் இளமைக்கால நிகழ்ச்சிகளைக் கேட்டு, ஏடுகளோடு ஒப்பிட்டிருந்தனர். 2019ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மீண்டும் சான்றுகளை ஆராய்ந்து, 'சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை' என்று பதில் கூறினர். சாதனை நிலைத்தது!

பிரான்சைச் சேர்ந்த இன்னொருவர், கன்னியாஸ்திரி ஆந்த்ரே. 1904ல் பிறந்த இவர், 2021ல் கொரோனாவையும் வென்று, 2023ல் 118 வயதில் காலமானார். இவர் வயதுக்கும் பதிவேடே சாட்சி.

குழந்தைகளே, அம்மாவிடம் கேட்டு உங்கள் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை பாருங்கள். பெயரும் தேதியும் சரியா? 22ம் நூற்றாண்டில் உங்களில் ஒருவர் ழான் பாட்டியை முந்தினால், சாட்சி சொல்லப்போவது அந்தத் தாள்தான்!