குவாண்டம் கணிப்பொறி: அதன் அடிப்படையும் வளர்ச்சியும்

இக்காலத்துச் செய்தித்தாள்களில் குவாண்டம் கணிப்பொறி என்னும் பெயர் அடிக்கடி காணப்படுகின்றது. அதனைப்பற்றி எழுதுவோருட் பலர், அப்பொறி ஒரு வினாவிற்குரிய விடைகள் அனைத்தையும் ஒரே காலத்தில் முயன்று பார்த்துச் சரியானதனை ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும் என்கின்றனர். இஃது அரை உண்மை. அரை உண்மையோ முழுப் பொய்யினும் மிகுதியாக மயக்கந் தருவது. அப்பொறியின் ஆற்றல் எதன்கண் உளது, அவ்வாற்றலுக்கு எல்லை யாது, அதற்கு அடிகோலிய அறிவில் நம் நாட்டாரின் பங்கு யாது என்னும் மூன்றனையும், பௌதிக நூல் பயிலாத மாணவரும் உணருமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குவாண்டம் என்பது இலத்தீன் சொல். 'எவ்வளவு' என்பது அதன் பொருள். சூடேறிய பொருள்களினின்று வெளிப்படும் சக்தி, எண்ணெய் ஒழுகுவதுபோல இடையறாது வெளிப்படுவதன்று, காசு எண்ணிக் கொடுப்பதுபோல அளவளவாகவே வெளிப்படுகின்றது என்று ஜெர்மனி நாட்டு மாக்ஸ் பிளாங்க் 1900-ஆம் ஆண்டிற் கூறினார். ஒளியும் அத்தகையதே என 1905-இல் ஐன்ஸ்டீன் காட்டினார். 1924-இல் டாக்கா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத போஸ், ஒளித்துகள்களை எண்ணுதற்குப் புதியதொரு முறை வகுத்துப் பிளாங்கின் விதியைத் தருவித்தார். அவரது கட்டுரையை ஐன்ஸ்டீன் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடுவித்தார்.

இந்நெறியில் தமிழ்நாட்டார் இருவர் செய்த தொண்டு மறக்கற்பாலதன்று. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் கல்கத்தாவில் ஒரு புதுமை கண்டனர். ஒரு பொருளின் மூலக்கூறுகளிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, தன் சக்தியில் ஒரு குறித்த அளவை மூலக்கூற்றுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகின்றது. மூலக்கூறு விரும்பிய அளவெல்லாம் பெறுவதில்லை. தனக்குரிய அளவையே பெறும். ஆதலின் இவ்விளைவு குவாண்டம் கொள்கைக்குக் கண்கூடான சான்றாயிற்று. இராமனுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது. கிருஷ்ணனோ மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். நம்மைப் போன்றே மிஷன் கல்லூரி வகுப்புக்களில் அமர்ந்து பாடங் கேட்டவர்.

இனி, கணிப்பொறிக்கு வருவாம். சாதாரணக் கணிப்பொறி எல்லாச் செய்தியையும் 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதுகின்றது. அக்குறி ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். ஒரு பிட் 0 ஆகவேனும் 1 ஆகவேனும் இருக்குமேயன்றி இரண்டுமாக இராது. குவாண்டம் கணிப்பொறியின் 'கியூபிட்' என்பதோ அளந்து பார்க்குமுன் இவ்விரு நிலைகளும் கலந்த ஒரு நிலையில் இருக்கவல்லது. அக்கலவையில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 'வீச்சு' உண்டு. வீச்சின் வர்க்கமே, அளக்குங்கால் அந்நிலை தோன்றுதற்குரிய நிகழ்தகவாகும்.

10 கியூபிட்டுகளுக்கு 1,024 வீச்சுகள். 50 கியூபிட்டுகளுக்குப் பதினோரு கோடி கோடிக்கு மேற்பட்ட வீச்சுகள். இப்பெருக்கத்தைக் கண்டே பலர் வியக்கின்றனர். ஆயினும் அளந்தவுடன் அத்துணை நிலைகளுள் ஒன்றே தோன்றும், ஏனைய மறைந்துபோம். அனைத்தையும் ஒருங்கே முயன்றதனால் மட்டும் கிடைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சீட்டெடுத்தது போன்ற விடையேயாம். எனின், ஆற்றல் எங்குளது?

அரியூருக்கு அணித்தாகிய ஊசுட்டேரியில் அருகருகே இரண்டு கற்களை எறிந்தால் இரண்டு அலைவட்டங்கள் பரவுகின்றன. முகடும் முகடும் கூடுமிடத்தில் நீர் மிகுதியாக எழும்புகின்றது. முகடும் பள்ளமும் கூடுமிடத்தில் நீர் அசைவற்றுக் கிடக்கின்றது. இதனைக் குறுக்கீடு என்பர். நிகழ்தகவு ஒருபோதும் சுழிக்குக் கீழ்ப்படாது. வீச்சோ அலையைப் போல் நேராகவும் எதிராகவும் நிற்கவல்லது. ஆதலின் ஒன்றையொன்று வளர்க்கவும் அழிக்கவும் வல்லது. தவறான விடைகளின் வீச்சுகள் தம்முள் அழியவும், சரியான விடையின் வீச்சு வளரவும் வழி வகுப்பதே குவாண்டம் கணிதத்தின் உயிர்நிலை.

அத்தகைய வழிகள் ஒரு நாளிற் காணப்பட்டவையல்ல. இயற்கையே குவாண்டம் விதிப்படி இயங்குவதாதலின், அதனைப் போன்மை செய்யும் பொறியும் அவ்விதிப்படியே இயங்கவேண்டுமென 1981-இல் ரிச்சர்டு பெயின்மன் உரைத்தார். அத்தகைய பொறிக்குரிய பொதுவிலக்கணத்தை 1985-இல் ஆக்ஸ்போர்டு நகரத்து டேவிட் டாயிச் வகுத்தார். 1994-இல் பீட்டர் ஷோர் என்பாரும், 1996-இல் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற லவ் குரோவர் என்பாரும், அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையிற் பணியாற்றுங்கால், பயன்மிக்க இரு வழிமுறைகளைக் கண்டனர்.

குரோவர் முறையை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். அரியூர், வில்லியனூர், பாகூர், மங்கலம் என்னும் நான்கு ஊர்களுள் ஒன்றில் ஒரு பொருள் உளதென்க. ஓர் ஊரைச் சொல்லி வினவினால் ஆம், அன்று என விடை வரும். சாதாரண முறையில் மூன்று வினாக்கள் வரை வேண்டியிருக்கலாம். குவாண்டம் முறையில் இரண்டு கியூபிட்டுகளைக் கொண்டு நான்கு ஊர்களுக்கும் 1/2 என்னும் ஒரே வீச்சு முதலிற் கொடுக்கப்படுகின்றது. பொருள் அரியூரில் உளதாயின், வினா ஒருமுறை செலுத்தப்பட்டதும் அரியூரின் வீச்சு மட்டும் குறி மாறி –1/2 ஆகின்றது. இப்பொழுது நான்கின் சராசரி 1/4. அடுத்து, சராசரிக்கு மேலுள்ள வீச்சை அவ்வளவே கீழும், கீழுள்ளதனை அவ்வளவே மேலும் திருப்புகின்றனர். ஏனைய மூன்றும் சராசரிக்கு 1/4 மேலிருந்தன. அவை 1/4 கீழிறங்கிச் சுழியாகின்றன. அரியூரோ 3/4 கீழிருந்தது. அது 3/4 மேலேறி 1 ஆகின்றது. அளந்தால் அரியூரே தோன்றும். ஒரே வினாவில் விடை கிடைத்தது, கிடைத்ததும் குறுக்கீட்டினாலேயாம்.

ஊர்கள் பத்து இலட்சமாயின் சாதாரண முறையிற் சராசரியாக ஐந்து இலட்சம் வினாக்கள் வேண்டும்; குரோவர் முறையில் ஏறக்குறைய 785 போதும். இஃது அரும்பெரும் பயனே. ஆயினும் ஒரே வினா போதாது என்பதை நோக்குக. ஒழுங்கற்ற குவியலில் தேடுதற்கு இதனினும் மிக விரைந்த குவாண்டம் வழி இருத்தல் இயலாது என்று, இந்தியாவிற் பிறந்த உமேஷ் வசீராணியும் அவருடன் ஆராய்ந்த மூவரும் 1997-இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவினர். அனைத்தையும் ஒருங்கே முயன்று நொடியில் விடை தரும் என்னும் கூற்று இதனால் வீழ்ந்துபட்டது. அன்றியும், ஒரு கொம்யூன் பஞ்சாயத்தின் குடிகள் பதிவேட்டைப் பொறியினுட் புகுத்துவதற்கே ஒவ்வொரு வரியையும் ஒருமுறை படித்தல் வேண்டுமாதலின், அத்தகைய தேடலில் ஊதியம் ஒன்றுமில்லை.

ஷோரின் முறை வேறொரு வகையது. இரு பேரெண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த தொகையைப் பகாக் காரணிகளாகப் பிரித்தல் மிகவரிது. 1977-இல் வகுக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற மறைமொழி முறை இவ்வருமையையே பூட்டாகக் கொண்டது. எண்களுள் மறைந்து கிடக்கும் ஓர் ஒழுங்கான சுழற்சியைக் குறுக்கீட்டால் வெளிப்படுத்தி அப்பூட்டைத் திறக்கலாமென ஷோர் காட்டினார். 2001-இல் ஏழு கியூபிட்டுகளைக் கொண்டு 15 என்னும் எண் 3, 5 எனப் பிரிக்கப்பட்டது. சிறு பிள்ளையும் செய்யவல்ல கணக்கு இது. எனினும் வழி மெய்யென்பது விளங்கிற்று. வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் காக்கும் பூட்டுகளைத் திறக்கவல்ல பெரும்பொறி இதனை எழுதுங்கால் யாண்டும் இயற்றப்பட்டிலது. ஆயினும் இன்று கவர்ந்து வைத்த மறைமொழியை நாளைத் திறந்து படித்தல் கூடும். ஆகவே அமெரிக்கத் தர நிறுவனம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இப்பொறிக்கும் ஈடுகொடுக்குமென நம்பப்படும் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது.

பெரும்பொறி இன்னும் தோன்றாமைக்குக் காரணம் கியூபிட்டின் மென்மையே. சிறிது வெப்பமும் சிறிது அதிர்வும் அதன் நிலையைக் குலைத்துவிடும். ஆதலின் மீக்கடத்திச் சுற்றுக்களால் ஆகிய கியூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அணித்தாகக் குளிர்விக்கின்றனர். அறியாத குவாண்டம் நிலையைப் படியெடுத்து வைத்தலும் இயலாதென 1982-இல் நிறுவப்பட்டது. எனினும் 1995-இல் ஷோர், ஒரு கியூபிட்டின் செய்தியை ஒன்பது கியூபிட்டுகளிற் பரப்பிப் பிழை திருத்தும் வழி கண்டார். கூகிள் நிறுவனத்தார் 2019-இல் 53 கியூபிட்டுகளும், 2024-இல் 105 கியூபிட்டுகளும் கொண்ட பொறிகளை வெளியிட்டனர். பின்னதில், பிழை திருத்தும் அமைப்பைப் பெரிதாக்குந்தோறும் பிழை குறைந்ததென்பதே சிறப்பு.

நம் நாட்டு அரசாங்கமும் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்திற்கு இசைவளித்தது. எட்டாண்டுகளுள் 50 முதல் 1,000 வரை கியூபிட்டுகள் கொண்ட பொறிகளை இயற்றுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், குவாண்டம் செய்திப் போக்குவரத்திற்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் நடுநிலையங்களாக அமைந்தன.

ஆகவே, குவாண்டம் கணிப்பொறி எதனையும் நொடியில் விடுவிக்கும் மந்திரக்கோலன்று. விடைகளினிடையே ஓர் ஒழுங்கு இருப்புழி, குறுக்கீட்டால் அதனை வெளிக்கொணரும் நுண்கருவி. மிகைப்படக் கூறுவோர் அதற்குச் செல்வாக்குத் தேடுவதாக எண்ணலாம். உண்மையில், எதிர்பார்த்தது கிடைக்காத நாளில் மக்கள் மெய்யான பயனையும் இகழ்ந்து தள்ளுதற்கே அவர்கள் வழி செய்கின்றனர். இவ்வறிவு நம் ஊர்களை எட்டுவதற்குப் பொறி இயற்றுவோர் மட்டும் போதார். கூட்டாதும் குறையாதும் அதனைத் தமிழில் எடுத்துரைப்போரும் வேண்டும். அப்பணி தமிழ் மாணவராகிய நமக்கு உரியது.