காதலர் தினமும் தெருக்கோடிக் கடையும்

பிப்ரவரி 14 வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேராதவன். அன்று தெருக்கோடிக் கடைக்காரரின் கல்லாவில் என்ன சேர்ந்தது என்று பார்ப்பது என் வழக்கம். பொருளாதாரம் படித்தவன் அல்லன்; டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் ஹைதர் அலி பிறந்ததாகச் சொல்லப்படும் பூதிகோட்டை. அக்காவைக் கொடுத்தது பக்கத்திலுள்ள கோலார் தங்கவயலில்.

தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் மக்கள் திரளாகப் போனார்கள். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைகள் அவர்களுடைய சம்பள நாளை நம்பியே நடந்தன. அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு காதலர் தினம்.

அன்று மாலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வாளியில் ரோஜாக்கள் வாங்குவாரின்றி நின்றன. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

ஒரு கடைக்காரர் 100 ரோஜாவை எட்டு ரூபாய் வீதம் வாங்கி, பதினைந்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 800 ரூபாய். 54 பூ விற்றால்தான் முதல் தேறும். நல்ல காலத்தில் 80 விற்றால் 400 ரூபாய் லாபம். மந்த காலத்தில் 40 மட்டும் விற்றால் 200 ரூபாய் நஷ்டம். மிச்சம் மறுநாள் குப்பைக்குத்தான். ஓசூர், பெங்களூர்ப் பண்ணைகளின் ரோஜா அந்த வாரம் விமானம் ஏறி வெளிநாடு போவதால், உள்ளூர்ச் சந்தையிலும் விலை ஏறிவிடும். ஆக, வாங்கும் விலை அதிகம், விற்கும் நேரம் ஒரே நாள். மல்லிகைக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கோயில், வெள்ளிக்கிழமை என்று அன்றாடத் தேவை இருப்பதால், எத்தனை முழம் போகும் என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரியும்.

இன்னொரு சிக்கல் கடன் நோட்டு. அரிசி, பருப்பு கணக்கில் போகும். சம்பளம் வந்ததும் தீரும். சம்பளம் நிற்கப் போகிறது என்றால் நோட்டு நிறையும், கல்லா காலியாகும். அதே நேரம் மொத்த வியாபாரி ரொக்கம் கேட்பார். பூச்சந்தையிலும் ரொக்கம்தான். கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை ஒருநாள் பூவில் போடுவதா, மாதம் முழுதும் கேட்கும் அரிசியில் போடுவதா? விவரமானவர் அரிசியில் போடுவார். பூவைக் கால் பங்காகக் குறைப்பார்.

மாமா இரண்டு முழம் மல்லிகை கேட்டு, கணக்கில் எழுதச் சொன்னார். கடைக்காரர் நோட்டைத் தொடவில்லை. "அரிசிக்கு எழுதிக்கிறேன். பூவுக்குக் கடன் எழுதமாட்டேன், சும்மா கொண்டு போங்க" என்றார். சுரங்கம் மூடிய பிறகு அந்த வீட்டுக்குப் பல மாதம் அரிசி கொடுத்தவரும் அவரே. பாக்கி முழுதும் தீர மூன்று வருடம் ஆயிற்று.

பின்பு நடந்ததை ரயில்வேக்காரன் கண்ணோடு பார்த்தேன். பங்காரப்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்காக 1894-ல் போட்ட பாதையில், இப்போது மாரிக்குப்பம், உரிகம் மக்கள் விடியற்காலையில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் ஊருக்கு வருகிறது; செலவில் பாதி பெங்களூரிலேயே முடிகிறது. காதலர் தினத்து ரோஜாவையும் அங்கேயே வாங்கிக்கொண்டு இரவு வண்டியில் இறங்குகிறார்கள். அந்நேரம் தெருக்கடை சாத்தியிருக்கும். வருமானம் திரும்பினாலும் சின்னக் கடை நிமிராததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

வெளியூரில் வாழும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டி நிறையப் பரிசு சுமப்பதை விட, அம்மா வழக்கமாக வாங்கும் கடையில் பழைய பாக்கி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் தீருங்கள். அப்படியே இரண்டு முழம் பூவும் ரொக்கத்துக்கு வாங்குங்கள். அக்கா அந்த மல்லிகையைப் பற்றி இன்றும் பேசுகிறாள்.