அறிவுக்கு விதித்த வரி

எங்கள் சமண சமயத்தில் தானம் நான்கு வகை: உணவு, அபயம், மருந்து, சாஸ்திரம். நாலாவதான சாஸ்திர தானத்துக்காக ஏடுகளைப் படியெடுத்துக் கோயிலுக்கும் துறவிகளுக்கும் கொடுப்பது வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பங்களில் பழைய வழக்கம். அப்படி வளர்ந்தவனுக்கு, மக்கள் படிப்பதற்கே வரி போட்டு வைத்த தேசம் ஒன்று இருந்தது என்பது விசித்திரமாகத்தான் இருக்கும். அதுவும் எந்தத் தேசம் என்கிறீர்கள்? பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தாய்வீடு என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலாந்து!

நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். நாற்பது வருஷமாக இந்தப் பம்பாயில் காகிதம் விற்கிறவன். ரீமும் ரீலும்தான் என் உலகம். கடையை அடைத்த பிறகு படித்ததில் சேர்த்துவைத்ததை, மலர்க் குழுவினர் கேட்டதற்காக இங்கே எழுதுகிறேன். ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தால் இங்கிலாந்தின் தீவிரச் சீர்திருத்தக்காரர்களுடைய கதையில் பாதி, விலைப் பட்டியலில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அச்சிடுவதற்கு முன்னனுமதி வாங்கவேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியாயிற்று. அப்பாடா என்று எழுத்தாளர்கள் மூச்சுவிட்டுப் பதினேழு வருஷம்தான் ஆகியிருக்கும். 1712இல், ஆன் அரசியின் காலத்தில், முத்திரை வரி வந்துவிட்டது. அரைத் தாள் பத்திரிகைக்கு அரைப் பென்னி, முழுத் தாளுக்கு ஒரு பென்னி. உள்ளே வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். இது போதாதென்று காகிதத்துக்கும் தனியாகத் தீர்வை. (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன், அணாக் கணக்கு தெரிந்த பெரியவர்களுக்கு இது சிரமமாக இராது.) பிறகு போர்ச் செலவு வரும்போதெல்லாம் முத்திரை வரியை ஏற்றிக்கொண்டே போனார்கள். நெப்போலியன் தோற்ற 1815ஆம் வருஷம் அது பிரதிக்கு நாலு பென்ஸ். விளம்பர வரி மூன்றரை ஷில்லிங்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பென்ஸ் வரியோடு ஒரு பத்திரிகையின் விலை ஏழு பென்ஸ் ஆயிற்று. அந்தக் காலத்து விவசாயக் கூலிக்கு வாரக் கூலி சுமார் பத்து ஷில்லிங். நாள் ஒன்றுக்கு இருபது பென்ஸ். ஒரே ஒரு நாள் பத்திரிகை வாங்க அன்றைய கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். யாரும் எதையும் தடைசெய்யவில்லை, புத்தகத்தைக் கொளுத்தவில்லை. ஏழைக்கு எட்டாத உயரத்தில் விலையைத் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். தணிக்கை அதிகாரிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. மாறாகக் கஜானாவுக்கு வரும்படி வேறு. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தடையை நான் படித்ததில்லை.

வியாபாரத்தில் எங்கே வரி உண்டோ அங்கே ஒரு வழியும் உண்டு. வில்லியம் கோபெட் என்கிற பத்திரிகையாளர் அதைக் கண்டுபிடித்தார். வரி செய்தித்தாளுக்குத்தானே? செய்தியை எடுத்துவிட்டு வெறும் கருத்துக் கட்டுரையாக அச்சிட்டால்? ஒரு ஷில்லிங்குக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த தம் வாரப் பத்திரிகையை 1816 நவம்பரில் இரண்டு பென்ஸ் துண்டுப் பிரசுரமாக்கினார். எதிரிகள் அதை ‘இரண்டு பென்ஸ் குப்பை’ என்று ஏளனம் செய்தார்கள். ஆனால் அந்தக் குப்பை ஆயிரம் ஆயிரமாக விற்றது. மதுக்கடையிலும் பட்டறையிலும் ஒருவர் உரக்கப் படிக்க இருபது பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நம் ஊர் டீக்கடையில் தினத்தந்தி படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டர் நகரத்தின் செயின்ட் பீட்டர் மைதானத்தில் வாக்குரிமை கேட்டு சுமார் அறுபதாயிரம் பேர் கூடினார்கள். குதிரைப்படை கத்தியோடு உள்ளே புகுந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். வாட்டர்லூ வெற்றியைக் கிண்டல் செய்து ‘பீட்டர்லூ’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அரசாங்கம் இதற்காக வருத்தப்பட்டதா என்றால் இல்லை. அதே வருஷக் கடைசியில் ஆறு அடக்குமுறைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று கோபெட் கண்டுபிடித்த சந்தை அடைத்தது. ஆறு பென்சுக்குக் குறைவாக விற்று, 26 நாளைக்கு ஒருமுறைக்கு மேல் வெளிவந்து, செய்தியோ செய்தி பற்றிய கருத்தோ தாங்கிவரும் எதற்கும் இனி நாலு பென்ஸ் முத்திரை. பத்திரிகை நடத்துகிறவர் லண்டனில் 300 பவுன், வெளியூரில் 200 பவுன் ஜாமீன் பத்திரம் எழுதித் தரவேண்டும். இந்த ஜாமீன் விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் நம் நாட்டுக்கே வரப்போகிறது.

இந்த இடத்தில் ரிச்சர்ட் கார்லைல் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அவர்மேல் போட்டது வரி வழக்கு அல்ல. தாமஸ் பெயினின் நூலை வெளியிட்டதற்காக மத நிந்தனை வழக்கு. டார்செஸ்டர் சிறையில் ஆறு வருஷம் இருந்தார். கடையை மனைவி நடத்தினார், அவரையும் பிடித்தார்கள். தங்கை நடத்தினார், அவரையும் பிடித்தார்கள். கடைப் பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். விற்றவன் இன்னான் என்று சாட்சி சொன்னால்தானே தண்டனை? ஆகவே கடையில் ஒரு தடுப்பை நிறுத்தி, அதில் கடிகார முகம் மாதிரி ஒரு வட்டத்தைப் பொருத்தினார்கள். வாங்குகிறவர் காசைப் போட்டு, வேண்டிய புத்தகத்துக்கு நேரே முள்ளைத் திருப்பவேண்டும். உள்ளேயிருந்து புத்தகம் வந்து விழும். விற்றவன் முகத்தை யாரும் பார்க்கமுடியாது! இன்றைக்கு ரயில்வே பிளாட்பாரத்தில் குளிர்பானம் தரும் இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கார்லைல் ஞாபகம்தான்.

வரியை நேருக்கு நேர் எதிர்த்தவர் ஹென்றி ஹெதரிங்டன் என்ற அச்சகக்காரர். 1831 ஜூலையில் ‘ஏழையின் காவலன்’ என்று பொருள்படும் பெயரில் முத்திரை இல்லாத வாரப் பத்திரிகை தொடங்கினார். விலை ஒரே பென்னி. சட்டத்தை மீறித்தான் இதை வெளியிடுகிறோம், வலிமைக்கும் நியாயத்துக்கும் நடுவே ஒரு பரீட்சை என்று முகப்பிலேயே போட்டார். அரசாங்க முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அச்சு இயந்திரத்தின் படம். வேலையில்லாத ஏழைகளே, சிறைச்சாலையே வீட்டைவிட மேல் என்ற நிலையில் இருப்பவர்களே, விற்க வாருங்கள் என்று விளம்பரமும் செய்தார். வந்தார்கள். ஜெயிலுக்கும் போனார்கள், நூற்றுக்கணக்கில். ஹெதரிங்டனும் பலமுறை உள்ளே போய்வந்தார். போலீஸை ஏமாற்ற குவேக்கர் சமயத்தார் வேஷத்தில் ஊருக்குள் வந்து போவாராம். முன்வாசல் வழியாக வெறுங்காகிதக் கட்டை அனுப்பி, போலீஸ் அதைத் துரத்தும்போது பின்வாசல் வழியாக அசல் சரக்கை அனுப்புவார்களாம்.

இவர்களில் என் மனதில் நிற்பவர் ஜோசப் ஸ்வான். மாக்கிள்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர், தொப்பி செய்கிற தொழிலாளி. பீட்டர்லூ வருஷத்திலேயே பிரசுரம் விற்றதற்காக நாலரை வருஷம் சிறை கண்டவர். 1831இல் மறுபடி பிடித்துவந்து நிறுத்தினார்கள். ஏன் விற்றாய் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: வேலை கிடைக்கவில்லை, குடும்பம் பட்டினி, ஆனால் அதைவிடப் பெரிய காரணம், என் நாட்டு மக்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக விற்கிறேன். மூன்று மாதம் தண்டனை சொன்னார்கள். வெளியே வந்ததும் திரும்ப விற்பேன், முதல் பிரதியை உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவேன் என்றார் மனுஷன். நாடாளுமன்றத்தில் பேசியவர்களுக்குச் சிலை இருக்கிறது. ஸ்வானின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இதே சமயத்தில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1832இல், பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம் ஒன்று ‘பென்னி மேகஸின்’ வெளியிட்டது. அதன் தலைவர் புரூம் பிரபு, அப்போது அரசாங்கத்தில் லார்டு சான்ஸலர். அதுவும் ஒரு பென்னி, அதிலும் முத்திரை கிடையாது. முதல் வருஷத்திலேயே இரண்டு லட்சம் பிரதிகள் விற்றது. யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை. ஏனென்றால் அதில் இருந்தது விலங்கு, பறவை, பழைய கட்டடங்கள், எரிமலை. ஆக, ஒட்டகம் எப்படித் தண்ணீர் இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பென்னி. ரொட்டி ஏன் இந்த விலை விற்கிறது என்று தெரிந்துகொள்ள ஏழு பென்ஸ்!

லிபரல் பெரியவர்கள் யாருமே உதவவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஃபிரான்சிஸ் பிளேஸ் இந்த வரிகளுக்கு எதிராக ஓயாமல் உழைத்தார். லண்டன் சேரிங் கிராஸில் தையற்கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னால் பெரிய நூலகம். தொழிற்சங்கத் தடைச் சட்டங்கள் 1824இல் நீங்கியதில் அவருடைய பங்கு பெரிது. தையற்காரன் இவ்வளவு படிக்கிறானா என்று கோபித்துக்கொண்டு வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவதை நிறுத்தியதுண்டு என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்திருக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

1834இல் நடந்த வழக்கில் ஜூரிகள், ஹெதரிங்டனின் பத்திரிகை சட்டப்படி சரியானதே என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதை விற்றதற்காக அத்தனை பேரை உள்ளே தள்ளிய பிறகு! அரசாங்கம் இறங்கி வந்தது, ஆனால் எப்படி? 1836இல் முத்திரை வரியை நாலிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்தது. கூடவே, முத்திரை இல்லாமல் அச்சிட்டால் அபராதமும் பறிமுதலும் முன்னைவிடக் கடுமை. வசதியான பத்திரிகைகளுக்கு லாபம், தபால் செலவு இல்லாமல் ஊர் ஊராகப் போகவும் அந்த முத்திரையே போதும். ஒரு பென்னிப் பத்திரிகைகளோ முத்திரை குத்தி விலையை ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் மூடவேண்டும். நாலு பென்ஸ் வரியால் சாகாத ஏழைகளின் பத்திரிகைகள் ஒரு பென்னி வரியால் செத்தன. இதை வரிக்குறைப்பு என்று பாராட்டி எழுதும் சரித்திரப் புத்தகங்களை என்னால் ஒப்புக்கொள்ளமுடியவில்லை.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹெதரிங்டனும் வில்லியம் லவெட்டும் அதே 1836இல் லண்டன் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1838இல் ஆறு கோரிக்கைகள் கொண்ட மக்கள் சாசனம் பிறந்தது. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு எல்லாம் அதில் வந்தவைதான். சாசன இயக்கத்தின் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.

மிச்சமிருந்த வரிகளை ஒழித்தது இன்னொரு தலைமுறை. 1851இல் இதற்கென்றே ஒரு சங்கம் கூடியது. அதன் செயலாளர் கோலெட் டாப்சன் கோலெட், சங்கீதக்காரர். அவர் கையாண்ட வழி நம் வியாபாரிகளுக்குப் பிடிக்கும். ‘அந்தப் பத்திரிகையிலும் செய்தி வருகிறதே, அதற்கு ஏன் முத்திரை கேட்கவில்லை?’ என்று வரி இலாகாவுக்குக் கடிதம் எழுதி எழுதியே அதிகாரிகளைத் திணற வைத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் தொடர்புடைய ஒரு மாதச் செய்தி இதழ்மேல் அரசு போட்ட வழக்கும் 1851இல் தோற்றது. விளம்பர வரி 1853இலும், முத்திரை வரி 1855இலும் போயின. அதே 1855இல் ‘டெய்லி டெலிகிராஃப்’ ஒரு பென்னிக்கு வந்துவிட்டது.

கடைசியில் காகிதத் தீர்வை, ராத்தலுக்கு ஒன்றரைப் பென்னி. 1860இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அதை நீக்க மசோதா கொண்டுவந்தார், பிரபுக்கள் சபை நிராகரித்தது. அடுத்த வருஷம் எல்லா வரி யோசனைகளையும் ஒரே மசோதாவாகக் கட்டி அனுப்பினார். எடுத்தால் முழுசாக எடு, இல்லாவிட்டால் முழுசாக விடு என்று. பிரபுக்கள் வாயை மூடிக்கொண்டு நிறைவேற்றினார்கள். ஹெதரிங்டன் இதில் எதையும் பார்க்கவில்லை. 1849லேயே காலராவில் போய்விட்டார்.

ஜாமீன் பத்திரம் மட்டும் பாக்கி. 1868இல் சார்லஸ் பிராட்லாவின் பத்திரிகைமேல் ஜாமீன் கட்டவில்லை என்று வழக்கு வந்தது. ‘மகாராணி அரசாங்கத்தால் வழக்குத் தொடரப்பட்டது’ என்று அவர் அதை முகப்பிலேயே விளம்பரமாகப் போட்டுக்கொண்டார். 1869இல் அந்தச் சட்டமும் ரத்தாயிற்று. இதே பிராட்லாதான் 1889இல் நம் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வந்தவர்.

அங்கே ரத்தான ஒன்பதாவது வருஷம், 1878இல், லிட்டன் பிரபு அதே ஜாமீனை இங்கே கொண்டுவந்தார். அதுவும் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இல்லை. இங்கிலாந்தில் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் காகிதத் தீர்வையை நீக்கிய கிளாட்ஸ்டன். அவர் பிரதமராகி அனுப்பிய ரிப்பன் பிரபு 1882இல் அதை நீக்கினார். ஆனாலும் 1910இல் வேறொரு பத்திரிகைச் சட்டமாக ஜாமீன் திரும்ப வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கதை தொடர்ந்தது. 1981 மார்ச் முதல் இறக்குமதிச் செய்தித்தாள் காகிதத்துக்கு 15 சதவீதச் சுங்கம் போட்டார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் முதலியவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பத்திரிகைக்கு வரியே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி பத்திரிகையின் கழுத்தை நெரிக்கக்கூடாது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. 2019 பட்ஜெட்டில் 10 சதவீதம் போட்டு, 2020இல் அதை 5 ஆக்கியதும் எங்கள் கடைக் கணக்கில் ஏறியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பில் ‘அறிவுக்கு விதித்த வரிகள்’ பற்றிய இங்கிலாந்துக் கதையும் வருகிறது. சட்டம் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் தேடிப் படிக்கலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது.